வாசிக்காமல் விட்ட 14-வது வால்ட்ஸ்

1950-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி. பிரான்சு நாட்டின் பெசான்சோன் நகரில் இசை விழா. மேடையில் ஒரே ஒரு பியானோ. பக்கவாத்தியம் கிடையாது. வாசிக்க வந்தவர் டினு லிப்பாட்டி. ருமேனியாக்காரர். வயது 33.

அவருக்கு நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் புற்றுநோய். கச்சேரி வேண்டாம் என்று டாக்டர்கள் தடுத்தார்கள். "வாக்குக் கொடுத்தாயிற்றே!" என்பது அவர் கட்சி. ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பாக், மொசார்ட், ஷூபர்ட் முடிந்தது. கடைசியாக ஷோப்பனின் 14 வால்ட்ஸ்கள்.

வால்ட்ஸ் என்பது ஐரோப்பியர் ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனத்தின் இசை. நம் திஸ்ர நடை போல மூன்று மூன்றாக எண்ண வேண்டும். ஆனால் போலந்தில் பிறந்து, 1849-ல் பாரீசில் காலமான ஷோப்பன், ஆடுவதற்காக இவற்றை எழுதவில்லை. உட்கார்ந்து கேட்பதற்காக எழுதினார். இடது கை தாளம் பிடிக்கும். வலது கை ஓடும், தயங்கும், சிரித்துக்கொண்டே இருந்து சட்டென்று சோகமாகிவிடும். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். கேட்க எளிது. வாசிப்பவருக்கல்லவா தெரியும் கஷ்டம்!

லிப்பாட்டி 13 வாசித்தார். 14-வதற்கு உடம்பில் தெம்பு இல்லை. அதை விட்டுவிட்டு, பாக்கின் பக்தி கீதம் ஒன்றை வாசித்து முடித்துக்கொண்டார். அதுவே கடைசிக் கச்சேரி. அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி காலமானார்.

ஜெனீவா ஒலிப்பதிவு

ஆனாலும் 14 வால்ட்ஸ்களும் அவர் கையால் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தப் புண்ணியம் ஒரு மருந்தைச் சேரும். கார்டிசோன் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. விலையோ கொள்ளை விலை. அந்தக் கோடையில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் தீரவில்லை, ஆனால் சில வாரங்கள் உடம்பு தேறியது.

அந்தச் சில வாரங்களை வீணாக்கவில்லை. கொலம்பியா இசைத்தட்டுக்காக வால்டர் லெக் தம் ஆட்களுடன் லண்டனில் இருந்து ஜெனீவாவுக்கே வந்தார். ஜூலை மாதம், அங்குள்ள வானொலி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. மனம் முழுத் திருப்தி அடையாமல் எதையும் விட்டுக்கொடுக்காதவர் லிப்பாட்டி. அதனால்தான் அவர் தட்டுகள் எண்ணிக்கையில் குறைவு.

அந்தத் தட்டைக் கேட்டால் ஒரு நோயாளி வாசிக்கிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேகமான இடங்களில் ஒரு சுரம்கூட மங்காது. சோகமான இடங்களில் இழுத்து அழவைக்கும் வேலையும் கிடையாது. ஷோப்பனைக் கண்ணீரில் நனைத்து வாசிப்பவர்கள் நிறையப் பேர். சாவு பக்கத்தில் நின்ற இந்த மனிதர் அதைச் செய்யவில்லை.

பெசான்சோன் கச்சேரியையும் வானொலி பதிவு செய்திருந்ததால், அதுவும் பிற்பாடு தட்டாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். இடையில் இருப்பது இரண்டே மாதம்.

ஷோப்பன் நூல்களில் உள்ள வரிசையில் லிப்பாட்டி வாசிப்பதில்லை. தாமே ஒரு வரிசை வகுத்திருந்தார். பெசான்சோனில் விட்டுப்போன அந்த வால்ட்ஸ், ஜெனீவா தட்டில் கடைசியாக வருகிறது. உற்சாகத் துள்ளலாக வருகிறது.