போக எட்டு மணி, வர ஏழு மணி

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வான்வழித் தூரம் சுமார் 5,550 கி.மீ. மேற்கே நியூயார்க் போக ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடிக்கும் விமானம், கிழக்கே லண்டன் திரும்ப ஏழு மணியே எடுத்துக்கொள்கிறது. ஏன்?

"பூமி சுழல்வதால்" என்று வகுப்பில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அப்படியானால், கிழக்காகச் சுழலும் பூமி நியூயார்க்கை நம் பக்கம் கொண்டுவர, மேற்குப் பயணமல்லவா விரைவில் முடிய வேண்டும்! காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

உண்மைக் காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் 'ஜெட்' காற்றோட்டம். (அதைக் கிழக்கே திருப்புவதில் பூமியின் சுழற்சிக்கும் பங்குண்டு, அது வேறு கதை.) 2020 பிப்ரவரியில், புயல் நாளொன்றில், ஒரு ஜம்போ விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை, சூழ்ந்திருந்த காற்றைப் பொறுத்து வழக்கமான 900 கி.மீ. அளவுதான்.