போர் விமானம் இறங்கிய இடத்தில் சீறிய கார்கள்! - சோழவரம் முதல் இண்டியானாபோலிஸ் வரை ஒரு வேகக் கதை

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, தேசியக்கொடியோடு அவர் துள்ளிக் குதித்த வீடியோ எல்லோர் போனையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. அதற்கு சில மாதங்கள் முன்பு, 2024 ஆகஸ்ட் கடைசியில், சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஸ்ட்ரீட் ரேஸும் நடந்தது. 'நமக்கும் கார் ரேஸுக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று அப்போது கேட்டவர்கள் உண்டு.

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டியவர்கள் இதுவரை இரண்டே பேர். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். இது தற்செயல் இல்லை. இதற்கான விதை, சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் சோழவரத்தில் விழுந்தது. விதைத்தது யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்!

கதை புரிய வேண்டுமென்றால், முதலில் கொஞ்சம் அமெரிக்கா வரை போய்வர வேண்டும்.

அண்ணாமலையை 57 முறை சுற்றினால்...

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 1909-ல் ஒரு பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஒரு சுற்று இரண்டரை மைல், அதாவது சுமார் 4 கிலோமீட்டர். ஜல்லியைக் கொட்டித் தாரை ஊற்றிப் போட்ட தரை அது. அந்த ஆகஸ்ட்டில் நடந்த முதல் கார் பந்தயங்களிலேயே தரை பெயர்ந்தது. ஓட்டுநர், மெக்கானிக்குகள், பார்வையாளர்கள் என்று ஐந்து பேர் இறந்தார்கள். தடத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. உரிமையாளர்களில் ஒருவரான கார்ல் ஃபிஷர் மூடவில்லை. மொத்தத் தடத்துக்கும் செங்கல் பதித்தார். பதித்த கற்கள் 32 லட்சம்! இன்று அங்கே இருப்பது தார்த்தளம்தான். ஆனால் பந்தயம் முடியும் கோட்டில் மட்டும் ஒரு கஜ அகலத்துக்கு அந்தப் பழைய செங்கல்லை விட்டுவைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர்கள் மண்டியிட்டு அதை முத்தமிடுவது இப்போது அங்கே சம்பிரதாயம்.

அந்தச் செங்கல் தடத்தில், 1911 மே 30 அன்று முதல் 'இண்டி 500' நடந்தது. மொத்த தூரம் 500 மைல். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். திருவண்ணாமலை ரமணாசிரமத்து வாசலில் புறப்பட்டு, மலையை வலம் வந்து, திரும்ப அதே வாசலுக்கு வந்தால் 14 கிலோமீட்டர். அப்படி 57 முறை சுற்றிய பிறகும் 500 மைலுக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கும்! அந்தத் தூரத்தை ரே ஹாரூன் 6 மணி 42 நிமிடங்களில் ஓட்டி ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர்.

அன்றைய ரேஸ் கார்களில் ஓட்டுநரோடு ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்திருப்பார். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. ஹாரூன் தனி ஆளாக வந்தார். 'பின்னால் வருவது தெரியாமல் ஓட்டினால் எங்களுக்குத்தானே ஆபத்து?' என்று மற்றவர்கள் சண்டைக்கு வர, காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். இன்று நம் வண்டிகளில் இருக்கும் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் ஆரம்ப காலப் பிரபல உதாரணம் அதுதான்.

ரேஸ் தடம் விமானதளம் ஆனது

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. 1917, 1918 இரண்டு ஆண்டுகளும் இண்டி 500 நடக்கவில்லை. கார்கள் சுற்றிய இடத்தில் ராணுவ விமானங்கள் இறங்கின. பழுதுபார்க்கும் பணிமனையும் அங்கேயே வந்தது. தடத்தின் இன்னொரு பங்குதாரர் ஜேம்ஸ் அலிசன் வைத்திருந்த ரேஸ் கார் பட்டறை, போர் விமான இன்ஜின் வேலைக்கு மாறியது. பின்னாளில் அதுவே பெரிய இன்ஜின் நிறுவனமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்திய-பர்மா எல்லை வானில் பறந்த அமெரிக்க பி-40 போர் விமானங்களில் உறுமியது அலிசன் இன்ஜின்தான்!

இடம் மாறியது போலவே ஆளும் மாறினார். எடி ரிக்கன்பேக்கர் அந்தக் காலத்தின் முன்னணி ரேஸ் ஓட்டுநர். ஜெர்மன் வாடை அடிக்கும் பெயர். அதனாலேயே போர்க் காலத்தில் இங்கிலாந்து போனபோது, உளவாளியோ என்று போலீஸ் பின்தொடர்ந்தது. பெயரின் எழுத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டார். 'ரேஸ் ஓட்டுநர்களை வைத்து ஒரு விமானப்படை அணி அமைக்கலாம்' என்று அவர் சொன்ன யோசனையை ராணுவம் ஏற்கவில்லை. சரி, டிரைவராகவாவது போவோம் என்று ராணுவ கார் ஓட்ட பிரான்ஸுக்குப் போனார். அங்கே விமானம் ஓட்டக் கற்று, எதிரிகளுக்கு எதிராக 26 வான் வெற்றிகளைக் கணக்கில் சேர்த்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க விமானிகளில் அதுவே அதிகம்.

மே 31, 1919

போர் முடிந்ததும் பந்தயம் திரும்பியது. 1919 மே 31 அன்று தடத்தில் மீண்டும் கூட்டம். உள்ளூர்க்காரரான ஹவ்டி வில்காக்ஸ் ஜெயித்தார். ஆனால் அன்று ஓட்டுநர் ஆர்தர் தர்மன் கார் கவிழ்ந்து இறந்தார். லூயி லெகாக்கும் அவருடைய மெக்கானிக்கும் கவிழ்ந்து தீப்பிடித்த காரிலேயே இறந்தார்கள். துணித் தொப்பி, கண்ணில் மாட்டும் கண்ணாடி, அவ்வளவுதான் பாதுகாப்பு. சீட் பெல்ட் கிடையாது. போரில் அத்தனை சாவைப் பார்த்த தலைமுறைக்கு, தடத்தில் மூன்று சாவு பந்தயத்தை நிறுத்தும் காரணமாகத் தெரியவில்லை. பந்தயம் தொடர்ந்தது.

ரிக்கன்பேக்கர் 1927-ல் அந்தத் தடத்தையே விலைக்கு வாங்கினார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, 1942 முதல் 1945 வரை பந்தயம் மறுபடி நின்றது. தடத்தில் களை மண்டியது. 1945-ல் டோனி ஹல்மன் என்ற தொழிலதிபருக்கு விற்றுவிட்டார். அடுத்த மே மாதமே பந்தயம் திரும்பியது.

இங்கே தலைகீழ்!

அமெரிக்காவில் முதல் போர், ரேஸ் தடத்தை விமானதளம் ஆக்கியது. இரண்டாம் போர் முடிந்ததும் பல நாடுகளில் இதற்கு நேர் எதிர் நடந்தது. போருக்காகப் போட்ட ஓடுபாதைகள் சும்மா கிடந்தன. நீளமான, தட்டையான, ஊருக்கு வெளியே இருக்கும் கெட்டித்தரை. ரேஸ் ஓட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படி வந்ததுதான். 1950-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அந்தப் பழைய விமானதளத்தில்தான் நடந்தது. அமெரிக்காவின் செப்ரிங் தடமும் அதே ரகம்.

நம்மூரின் சில்வர்ஸ்டோன், சோழவரம். போர்க் காலத்து ஓடுபாதை அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கே பந்தயங்களை நடத்தியது. வருடா வருடம் நடக்கும் அந்தப் பந்தயம் மெட்ராஸின் பெரிய திருவிழாக்களில் ஒன்றாகவே ஆனது. வெளிமாநிலங்களிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்தார்கள். மகாராஜா வீட்டு வெளிநாட்டு கார் ஒரு பக்கம், பட்டறையில் இரவெல்லாம் உட்கார்ந்து முடுக்கிய ஃபியட் இன்னொரு பக்கம். பைக் பந்தயத்துக்குத் தனிக் கூட்டம். விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார்.

வெளிநாட்டு காரை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. அதனால் நம் ஆட்கள் கையில் இருப்பதை வைத்தே கார் செய்யப் பழகினார்கள். கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன் அதில் முன்னோடி. மாருதி 800-ன் இன்ஜினைப் பொருத்தி அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை ரேஸ் கார், சாதாரண வீட்டுப் பையன்களுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்தது. 1995-ல் அவர் ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சொல்கிறது.

ஆனாலும் ஓடுபாதை ஓடுபாதைதான். ரேஸுக்கென்று போட்ட தடம் அல்ல. பாதுகாப்பான வளைவுகள், கார் வழுக்கினால் போய் நிற்கப் போதுமான இடம், பார்வையாளர்களுக்குத் தள்ளி அமைத்த இருக்கைகள் என்று எல்லாவற்றையும் திட்டமிட்டுக் கட்ட வேண்டும். கிளப் அதைத்தான் செய்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்து, 1990 வாக்கில் பந்தயங்களை அங்கே கொண்டுபோனது. கரிவரதன் போட்டுக்கொடுத்த வழியில், மாருதி இன்ஜின் காரில் அந்தத் தடத்தில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன்.

செங்கல் கோட்டில் ஒரு கோவைக்காரர்

2005 ஜூன் 19. ஃபார்முலா ஒன் அமெரிக்க கிராண்ட் ப்ரீ. நடந்த இடம், அதே இண்டியானாபோலிஸ்! ஜோர்டான் அணியின் காரில் நரேன்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ஒரு காரின் டயர் போய், சுவரில் மோதியது. அந்த வளைவின் வேகத்தை எங்கள் டயர் தாங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என மிஷெலின் நிறுவனம் சொல்லிவிட்டது. பந்தய நாளில் அந்த டயர் போட்ட 14 கார்களும் முதல் சுற்றைச் சம்பிரதாயத்துக்கு ஓட்டிவிட்டு, அப்படியே உள்ளே திரும்பிவிட்டன. டிக்கெட் வாங்கிய கூட்டம் கத்தித் தீர்த்தது. மீதி ஆறே கார்கள் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

'ஆறு பேரில் நாலாவதுதானே?' என்று இன்றும் கிண்டல் செய்பவர்கள் உண்டு. செய்யட்டும். அந்த ஆறில் ஒருவராக நிற்பதற்கு முதலில் உலகின் இருபது இடங்களில் ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும். திரும்பிப்போன 14 கார்களையும் நினைத்துப் பாருங்கள். 1919-ல் மூன்று பேர் செத்தும் ஓடிய அதே மண்ணில், 2005-ல் ஒருவரும் சாகக் கூடாது என்பதற்காகக் கார்கள் ஓடாமல் நின்றன. வேகம் கூடியது மட்டும் முன்னேற்றம் இல்லை, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டதும் முன்னேற்றம்தான்.

பைக் வாங்கிய கையோடு ஹைவேயில் ரேஸ் விட்டு ரீல்ஸ் போடும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சாலையில் வேகம் காட்டினால் முன்னால் நடந்து போகிறவர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். வேகம் உங்களுக்கு நிஜமாகவே பிடித்திருந்தால், அதற்கென்று தடம் இருக்கிறது. ஹெல்மெட்டும் பயிற்சியும் லைசென்ஸும் அங்கே கட்டாயம். இருங்காட்டுக்கோட்டைக்கு வழி கேட்டுப் போங்கள். அங்கிருந்து இண்டியானாபோலிஸ் வரை போக முடியும் என்று நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்.