மார்பக உள்வைப்புக்குப் பின் அளவு குறித்து எழும் ஐயங்கள்

மார்பக உள்வைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வருவோர் பெரிதும் கவலையோடு கேட்பது அளவைப் பற்றியே. “இவ்வளவு பெரிதாக வேண்டுமென்று நான் கேட்கவில்லையே” என்று முதல் வாரத்தில் கலங்குபவர், ஆறாவது வாரத்தில் “சிறிதாகிவிட்டதோ” என்று தயங்கியபடி கேட்பதும் உண்டு. உள்ளே வைத்த சிலிக்கோன் உறையின் கொள்ளளவு இதற்கிடையே மாறிவிடவில்லை. மாறியது அதைச் சுற்றியுள்ள உடல்.

உள்வைப்பு அமர்வதற்காகத் திசுக்களைப் பிரித்து ஓர் இடம் ஏற்படுத்தப்படுகிறது. அக்காயத்துக்கு உடல் தரும் மறுமொழியே வீக்கம். முதற்சில நாள்களில் அது கூடிப் பின்னர் மெல்ல வடியும். பெரும்பகுதி ஆறு வாரங்களில் அடங்கினாலும், எஞ்சியது மறைய மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். உள்வைப்பு நெஞ்சுத் தசைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது. இறுகி நிற்கும் தசை அதை மேல்நோக்கித் தள்ளித் தட்டையாக அழுத்திவைக்கும். அதனால் மார்பின் மேற்பகுதி புடைத்தும் கீழ்ப்பகுதி வெறுமையாகவும் தோன்றும். தசை தளரத் தளர உள்வைப்பு இறங்கித் தன்னிடத்தில் அமரும், கீழ்ப்பகுதி நிரம்பும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை என்பதால், சில வாரங்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தெரிவது இயல்பு.

கண்ணும் ஏமாற்றும். முன்பு பஞ்சு வைத்த பிரா அணிந்து பழகியவருக்கு, உடைக்கு மேல் பார்க்கையில் பெரிய வேறுபாடு தெரியாது. உள்வைப்பு அந்தப் பஞ்சின் இடத்தைத்தான் நிரப்பியிருக்கும். குனிந்து பார்க்கும்போது தெரியும் உருவமும் கண்ணாடியில் தெரிவதும் ஒன்றல்ல. பிராவின் ‘பி’, ‘சி’ என்னும் கப் அளவுகளோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உள்வைப்பு மில்லிலிட்டரில் அளக்கப்படுகிறது. அகன்ற மார்புடையவருக்கும் ஒடுங்கிய மார்புடையவருக்கும் ஒரே 300 மில்லிலிட்டர் ஒரே தோற்றத்தைத் தராது. ஆகவே மற்றொருவரின் படத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், ஒரே தொலைவிலிருந்து உங்களையே படமெடுத்து ஒப்பிடுங்கள். புதிய பிராக்களை மூன்று மாதம் கழித்து வாங்கலாம். அதுவரை மருத்துவர் குறித்த ஆதரவு பிராவே போதும்.

எல்லா அளவு மாற்றத்தையும் வீக்கம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் திடீரெனப் பெருத்து, இறுகி, வலி கூடினால் உள்ளே குருதி கசிந்து தேங்கியிருக்கலாம். இது பெரும்பாலும் முதல் ஓரிரு நாள்களில் நேரும். விடியட்டும் என்று காத்திராமல் இரவானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலில் சீழ் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கெண்டைக்கால் வீக்கமோ தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாதங்கள் கழித்து ஒரு பக்கம் கெட்டிப்பட்டு உருமாறினால், உள்வைப்பைச் சுற்றி உடல் அமைக்கும் உறை சுருங்கியிருக்கக்கூடும். அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் அளவு மட்டுமே நிறைவளிக்காதபோது, மறு அறுவை பற்றிய முடிவை ஆறு மாதமாவது தள்ளிவைப்பது வழக்கம். திசுக்கள் இளகும் முன் செய்யும் திருத்தம், மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை அளந்து தைப்பது போன்றது. பெரிய உள்வைப்பை நாடுவோர் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும்: எடை கூடக் கூடத் தோல் விரிந்து மெலியும், உள்வைப்பின் விளிம்பு வெளியே தெரிவதற்கும் அது கீழே சரிவதற்கும் வாய்ப்பு அதிகம்.

இச்சிகிச்சையை உறவினரிடம் மறைத்து வைத்திருப்பவர்கள் பலர். அத்தகையவருக்குக் கணவரோ சகோதரியோ மட்டுமே துணை. முதல் வாரங்களில் வலியும் தூக்கமின்மையும் மனத்தைச் சோர்வுறச் செய்யும். அந்நேரத்தில் “கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ” என்னும் விளையாட்டுச் சொல்கூட ஆழத் தைக்கும். அளவைப் பற்றிக் கருத்துச் சொல்வதைத் தவிர்த்து, மருந்து நேரத்தையும் மறுபரிசோதனை நாளையும் நினைவூட்டுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் தரப்படும் உள்வைப்பு அட்டையைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். தயாரித்த நிறுவனம், வகை, கொள்ளளவு, வரிசை எண் ஆகியவை அதில் இருக்கும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதை உடன் எடுத்துச் செல்லுங்கள்.