தந்தையால் நிலம் இல்லை, தாயால் வேலை இல்லை

தில்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தின் இரைச்சலைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால், மஞ்சளும் வெள்ளையுமாகக் கும்மட்டம் வைத்த ஒரு தேவாலயம். 1836-ல் திறக்கப்பட்ட புனித ஜேம்ஸ் தேவாலயம் அது. உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பதித்திருக்கிறது. கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர் 1841 டிசம்பர் 4 அன்று ஹான்சியில் இறந்தார், அங்கே புதைத்த உடலைத் தோண்டி எடுத்து வந்து 1842 ஜனவரி 19 அன்று இங்கே அடக்கம் செய்தார்கள் என்கிறது கல். தேவாலயத்தைக் கட்டியவரும் அவரே. எந்தப் பாதுஷாவும் இவ்வளவு மரியாதையோடு தில்லிக்குள் வந்ததில்லை என்று ஊர் பேசிக்கொண்டதாம். அவருடைய சிப்பாய்களுக்கு அவர் 'சிகந்தர் சாகிப்'. அவர் திரட்டிய குதிரைப்படை 'ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ்' என்ற பெயருடன் இன்றும் இந்திய ராணுவத்தில் இருக்கிறது.

அவருடைய வீரப் பிரதாபங்களை எழுதியவர்கள் நிறையப் பேர். அந்தப்புரத்தில் பதினான்கு மனைவிகள், எண்பது பிள்ளைகள் என்று கதை கட்டியவர்களும் குறைவில்லை. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இந்த மனிதருக்கு நிலம் எப்படி வந்தது, அது யார் யார் கைக்குப் போனது என்று பார்க்கலாம் என்றுதான் நான் தொடங்கினேன். நில ஆவணம் ஒவ்வொன்றும் குடும்பக் கதையில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதை அவருடைய தாயிடம் போய் நின்றது.

ஸ்கின்னர் தன் வாழ்க்கையைப் பாரசீகத்தில் எழுதிவைத்தார். அதை ஆங்கிலமாக்கி 1851-ல் லண்டனில் வெளியிட்டவர் ஜே.பி. ஃப்ரேசர். (அவருடைய சகோதரர் வில்லியம் ஃப்ரேசர் ஸ்கின்னரின் உயிர் நண்பர். 1835-ல் தில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கல்லறையும் இதே தேவாலய வளாகத்தில்தான்.) ஆக, நமக்குக் கிடைப்பது மொழிபெயர்ப்பு. அதைப் பிழைப்பாகக் கொண்டவன் என்பதால், ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன்.

தான் 1778-ல் பிறந்ததாக ஸ்கின்னர் சொல்கிறார். தகப்பனார் ஹெர்குலிஸ், ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனிப் படை அதிகாரி. தாய், போஜ்பூர் பக்கத்து ராஜபுத்திர ஜமீன்தார் ஒருவரின் மகள். காசி ராஜா சேத்சிங்கோடு நடந்த சண்டையில் பதினான்கு வயதில் சிறைபிடிக்கப்பட்டு, அந்த இளம் அதிகாரி கையில் வந்து சேர்ந்தாராம். இங்கே கணக்கு இடிக்கிறது. சேத்சிங் கம்பெனியை எதிர்த்து எழுந்தது 1781-ல். அப்போது மகனுக்கு மூன்று வயது! ஒன்று பிறந்த வருஷம் தப்பு, அல்லது சண்டை வேறு. எந்தப் போரில் பிடிபட்டார் என்பதுகூடச் சரியாகப் பதிவாகாத அந்தப் பெண்ணின் பெயரையும் மகன் எழுதவில்லை. 'ராஜபுத்திரப் பெண்' என்பதோடு சரி. பின்னால் வந்தவர்கள் 'ஜீனி' என்கிறார்கள். எந்த ஜமீன்தார் வீட்டில் அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்?

மூன்று ஆண், மூன்று பெண் என்று ஆறு பிள்ளைகள். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும் என்றார் தகப்பனார். பர்தாவை விட்டுப் பெண்கள் வெளியே போவது குலத்துக்கு இழுக்கு என்று தாய் நினைத்தார். 1790-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மகன் இதை அதிக விளக்கமில்லாமல் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்.

அடுத்த வருஷமே கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனில் ஓர் உத்தரவு போட்டார்கள். இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவருக்குக் கம்பெனியில் சிவில், ராணுவ, கடல் உத்தியோகம் கிடையாது. 1795-ல் இன்னும் இறுக்கினார்கள்: பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர் படையில் சேர்ந்தால் தம்பட்டம் அடிக்கலாம், குழல் ஊதலாம், லாடம் கட்டலாம். ஜேம்ஸைக் கல்கத்தாவில் ஓர் அச்சுக்கூடத்தில் தொழில் பழக விட்டார்கள். சில நாளில் ஓடிப்போனார். பிறகு மராத்தியரான சிந்தியாவின் படையில், பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் சேர்ந்தார்.

1803-ல் சிந்தியாவுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. ஆங்கிலேய ரத்தம் உள்ளவர்களைத் தளபதி பெர்ரோன் நம்பவில்லை, வெளியேற்றிவிட்டார். தில்லி விழுந்ததும், கட்சி மாறிவந்த சிந்தியாவின் குதிரைவீரர்கள் தங்களுக்குத் தலைவராகக் கேட்டது 'சிகந்தர் சாகிப்'பைத்தான். இப்படி, கம்பெனியின் கதவு சாத்தியிருந்த மனிதர் கொல்லை வழியாக உள்ளே வந்தார். அந்தப் படையில் வீரனே தன் குதிரையையும் ஆயுதத்தையும் கொண்டுவர வேண்டும். கம்பெனி சம்பளம் மட்டும் தரும். அதாவது, அது நிரந்தரப் படையல்ல. தேவை தீர்ந்ததும் கலைத்துவிடலாம். 1806-ல் ஆட்களைக் குறைக்கவும் செய்தார்கள்.

படைத்தலைவருக்குச் சன்மானமாக ஜாகீர் கொடுக்க நினைத்தார் லேக் பிரபு. ஜாகீர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சென்னையைச் சுற்றிய செங்கல்பட்டுச் சீமையை ஆற்காடு நவாபிடமிருந்து பெற்ற கம்பெனி, தன் தஸ்தாவேஜுகளில் அதை 'ஜாகீர்' என்றேதான் வெகுகாலம் எழுதிவந்தது. நிலத்தைக் கொடுப்பதல்ல, அதன் வரியைக் கொடுப்பது என்பதுதான் ஜாகீரின் உள்ளர்த்தம். ஆனால் ஸ்கின்னர் விஷயத்தில் மேலிடம் மறுத்தது. காரணம்? பிரிட்டிஷ் பிரஜைகள் இங்கே நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற கம்பெனி விதி. (1833-ன் சாசனச் சட்டம்தான் அதைத் தளர்த்தியது.) ஜாகீருக்குப் பதிலாக மாதாந்தரப் பென்ஷன் என்றார்கள்.

கல்கத்தா குமாஸ்தாவின் சாமர்த்தியத்தை என்ன சொல்ல! உத்தியோகம் கேட்டால் 'நீ இந்தியத் தாயின் மகன்'. நிலம் கேட்டால் 'நீ பிரிட்டிஷ் தகப்பனின் மகன்'. விண்ணப்பங்களும் சிபாரிசுகளுமாக ஆண்டுகள் ஓடின. பிறகுதான் அலிகர் மாவட்டத்தில் அவருக்கு நிரந்தர ஜாகீர் உறுதியானது. பழைய கோட்டை ஊரான ஹான்சி தலைமையிடமாயிற்று. தில்லிக்குக் கிழக்கே, அன்றைய புலந்த்ஷகர் மாவட்டத்துப் பிலாஸ்பூரும் குடும்பச் சொத்தில் சேர்ந்தது.

நிலம் வந்ததும் வழக்கு வந்தது. கர்னலின் உயிலில் 'பிள்ளைகள்' என்று எழுதியிருப்பது யாரை? நிக்காவா, தேவாலயத் திருமணமா, இரண்டும் இல்லாததா என்று கேட்காமல் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த குடும்பம் அது. ஆங்கிலச் சட்டத்தின்படி முறையாகப் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் பங்கா என்ற கேள்வி, 1870-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சுதந்திரத்துக்குப் பின் உத்தரப் பிரதேச ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்ததும், இந்த வழக்குகள் எதற்காக நடந்தனவோ அந்த உரிமையே போய்விட்டது. பிலாஸ்பூர் இன்று கௌதம புத்தர் நகர் மாவட்டத்தில் இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவின் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்து ஊர்.

சொத்து வழக்குகளைத் தேடும்போது அதே கவுன்சிலின் இன்னொரு தீர்ப்பும் கண்ணில் பட்டது. 1871-ஆம் வருஷத்தியது. ஸ்கின்னர் குடும்பத்தில் ஹெலன் என்ற விதவை, ஏற்கெனவே மணமான ஒரு கிறிஸ்தவரோடு வாழ்ந்தார். இருவரும் இஸ்லாத்தைத் தழுவி மணம் செய்துகொண்டார்கள். முதல் கணவருக்குப் பிறந்த மகள் விக்டோரியாவும் தாயோடு முஸ்லிம் பெண்ணாகவே வளர்ந்தாள். தகப்பன் கிறிஸ்தவனாகச் செத்தான், ஆகவே மகள் அவன் மதத்தில்தான் வளர வேண்டும் என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். லண்டனும் அதையே உறுதிசெய்தது. கல்கத்தா வீட்டில் தன் பெண்களைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்து அந்த ராஜபுத்திரப் பெண் இறந்து எண்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது.