அந்தப் பெட்டியில் குறியிட்டது யார்?

மாணவர்களே, சென்ற பள்ளி விடுமுறையின்போது சிம்பாங் அம்பாட்டில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி, ஈப்போவில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகக் கைப்பேசியில் பேருந்து டிக்கெட் வாங்கினாள். திரையில் முதலில் தெரிந்த விலை 25 ரிங்கிட். பணம் கட்டிய பிறகு பார்த்தால் 28 ரிங்கிட் போயிருந்தது. ‘பயணக் காப்புறுதி’ என்ற பெட்டியில் முன்கூட்டியே குறி போடப்பட்டிருந்ததாம். “என் கவனக்குறைவுதான், டீச்சர்” என்றாள்.

கவனக்குறைவு மட்டும்தானா? மனித மனத்தின் ஓர் இயல்பையும் இங்கே பார்க்க வேண்டும். ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டிருப்பதை நாம் பெரும்பாலும் மாற்றுவதில்லை. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் 2003-இல் இதற்கு ஒரு சான்று காட்டினார்கள். அப்போது ஜெர்மனியில், இறந்தபின் உடலுறுப்பு தானம் செய்ய விரும்புவோர் அதைத் தெரிவிக்க வேண்டும். சம்மதித்தோர் 12 விழுக்காடு. பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் விரும்பாதவர்தான் தெரிவிக்க வேண்டும். அங்கே சம்மதம் 99 விழுக்காட்டுக்கும் மேல்! இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம், கேட்கப்பட்ட முறை.

இந்த இயல்பைக் கொண்டு உயிரையும் காக்கலாம். நம் பணத்தையும் பறிக்கலாம். பயனரை ஏமாற்றும் இத்தகைய திரை வடிவமைப்புகளுக்கு, பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பு வல்லுநர் ஹாரி பிரிக்னல் 2010-இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். தமிழில் ‘இருண்ட வடிவமைப்பு’ எனலாம். உயிரினங்களை வகைப்படுத்துவதுபோல, இவற்றையும் திரட்டி வகை பிரித்தார்.

இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 30 நவம்பர் 2023-இல் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சிலவற்றைப் பாருங்கள்:

கூடைக்குள் திணித்தல்: நீங்கள் கேட்காத பொருளோ கட்டணமோ விலையில் சேர்ந்துவிடும்.

பொய் அவசரம்: “இன்னும் 2 மட்டுமே உள்ளது” என்று பொய் சொல்லி விரட்டும்.

வெட்கப்பட வைத்தல்: மறுக்கும் பொத்தானில் “வேண்டாம், எனக்குப் பாதுகாப்பு தேவையில்லை” என்று எழுதியிருக்கும்.

சந்தாப் பொறி: சேர்வது எளிது, விலகுவது கடினம்.

இதைப் படித்ததும் அந்த மாணவி, “டீச்சர், எனக்கு நடந்தது முதல் வகை!” என்றாள். பெயர் தெரிந்ததும் தலைகுனிவு போய்விட்டது.

கணினி விளையாட்டுகளும் விதிவிலக்கல்ல. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில் குழப்பமான பொத்தான் அமைப்பால், ஒரே அழுத்தில் வேண்டாத பொருள்களுக்குப் பணம் போனது என்று அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. அதை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம், 245 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்த 2022 டிசம்பரில் உடன்பட்டது. பணம் பயனர்களுக்குத் திருப்பித் தரப்படுவதற்காக.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 இணையக் கடைகளைக் கணினி நிரல் கொண்டு சோதித்து, 1,818 இருண்ட வடிவமைப்புகளைக் கண்டதாக 2019-இல் வெளியிட்டார்கள். நேரம் முடிந்தபின்னும் சலுகை அப்படியே தொடர்ந்த பொய்க் கடிகாரங்களும் அவற்றில் உண்டு.

நீங்களும் சோதிக்கலாம்:

1. “சலுகை முடிய 10 நிமிடம்” என்று கடிகாரம் ஓடினால், எதையும் வாங்காமல் நேரம் முடியும்வரை காத்திருங்கள். பிறகு பக்கத்தைத் திறந்து பாருங்கள். சலுகை இன்னும் இருக்கிறதா?

2. ஒரு செயலியில் சந்தா சேர எத்தனை முறை தட்ட வேண்டும், விலக எத்தனை முறை தட்ட வேண்டும் என்று எண்ணுங்கள். பணம் கட்ட வேண்டிய கட்டத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

பணம் செலுத்துமுன் முதலில் கண்ட விலையையும் இறுதி விலையையும் ஒப்பிடுங்கள். ஏமாந்தால் மறைக்காதீர்கள். திரையைப் படமெடுத்துப் பெற்றோரிடம் காட்டுங்கள். ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் முறையிடலாம். மூன்று ரிங்கிட்தானே என்று விடாதீர்கள். அதே பெட்டி அடுத்தவருக்கும் காத்திருக்கிறது.