கொரியப் பாட்டும் ஆம்பூர்ச் சிநேகிதமும்

2024 ஜனவரி முதல் வாரத்தில் காட்பாடி ரயில் நிலையத்தில் மூன்று சிறுமிகளைப் போலீசார் பார்த்தார்கள். மூவருக்கும் 13 வயது. கரூர் மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறவர்கள். சேர்த்து வைத்திருந்த 14,000 ரூபாயோடு வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். ஈரோட்டில் ரயில் ஏறிச் சென்னை, அங்கிருந்து விசாகப்பட்டினம், அங்கே கப்பல் பிடித்தால் தென்கொரியா, போய் இறங்கியதும் பி.டி.எஸ். பாடகர்களை நேரில் பார்ப்பது: திட்டம் இதுதான். சென்னையில் ஓர் இரவு தங்கியதும் மனம் மாறி ஊர் திரும்ப ரயில் ஏறினார்கள். காட்பாடியில் சாப்பாடு வாங்க இறங்கினார்கள், ரயில் போய்விட்டது. வேலூரில் குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பில் வைத்து, பெற்றோரை வரவழைத்தார்கள்.

இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் பெற்றவர் வாயில் வருகிற முதல் வார்த்தை, “போனைப் பிடுங்கி வை.” இரண்டாவது, “யாரோ கொரியாக்காரனுக்காக நம்ம பிள்ளைக்கு ஏன் இந்தப் பைத்தியம்?” கோபம் நியாயமானதுதான். ஆனால் விஷயத்தைத் தெரிந்துகொண்டு கோபப்படுவது இன்னும் நல்லது. டீ சொல்லியாகிவிட்டது, உட்காருங்கள். முதலிலிருந்து வருவோம்.

பி.டி.எஸ். என்பது ஏழு இளைஞர்கள் கொண்ட பாட்டுக் குழு. 2013 ஜூன் 13 அன்று மேடை ஏறியது. அன்றைக்கு அவர்களை வளர்த்த நிறுவனம் சியோலின் பெரிய நிறுவனங்களில் ஒன்றல்ல. தொலைக்காட்சியில் இடம் கிடைப்பதே கஷ்டம். அதனால் இணையத்தில் தங்கள் அன்றாடத்தையே படம்பிடித்துப் போட்டார்கள்: ஒத்திகை, சாப்பாடு, சண்டை, தூக்கம். பார்த்தவர்கள் ஒட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ரசிகர்களுக்கு ‘ஆர்மி’ என்று பெயர் வைத்தார்கள். 2020 ஆகஸ்டில் வந்த ‘டைனமைட்’ பாட்டை யூடியூபில் முதல் 24 மணி நேரத்தில் 10 கோடி முறைக்கு மேல் பார்த்தார்கள் என்றால் அந்தப் படையின் அளவு புரியும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரசிகைக்கும் பாடகருக்கும் இடையில் இருப்பது ஒன்று. ரசிகைக்கும் ரசிகைக்கும் இடையில் இருப்பது வேறொன்று.

முதலாவது ஒருவழிப் பாதை. 1956லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சியில் தினம் வருகிறவரை நமக்கு நெருங்கிய ஆளாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. அவருக்கோ நாம் இருப்பதே தெரியாது. சிவாஜி அழுதால் நம் வீட்டில் பாட்டி அழுதாரே, அதுதான். இதில் கொரியா, கோடம்பாக்கம் என்ற வித்தியாசம் இல்லை.

இரண்டாவது இருவழிப் பாதை. அதுதான் பெற்றோர் கண்ணில் படுவதில்லை. சுவரில் ஒட்டிய ஏழு முகங்கள் தெரிகின்றன. போனுக்குள் இருக்கிற எழுபது சிநேகிதிகள் தெரிவதில்லை. பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்குச் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்வது பாடகருக்கு இல்லை. கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ இருக்கிற இன்னொரு பெண்ணுக்கு.

அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? பேச்சைவிட வேலைதான் அதிகம். ஆம்பூரில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்திய நாடு. அங்கே பகல் 1 மணிக்குப் பாட்டு வெளியானால் இங்கே காலை 9.30, அவள் வகுப்பில் இருப்பாள். வகுப்பு இல்லாத இன்னொருத்தி குழுவில் செய்தி போடுவாள். கொரிய மொழி கற்ற ஒருத்தி வரிகளை ஆங்கிலத்தில் சொல்வாள், வேறொருத்தி தமிழில் பொருள் எழுதுவாள். எந்தத் தளத்தில் எப்படிக் கேட்டால் பாட்டின் தரவரிசைக் கணக்கில் சேரும் என்று ஒருத்தி விதிகளைப் படித்துச் சொல்வாள். விருதுக்கு வாக்களிக்க ஒருத்தி நினைவூட்டுவாள். கொரிய எழுத்து எளிது. 15ஆம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் சாதாரண மக்கள் சீக்கிரம் படிக்க வேண்டும் என்றே உருவாக்கியது. சில நாளில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிடுகிறார்கள்.

இன்னொரு பெரிய வேலை, சாமான் வாங்குவது. பாட்டுத் தொகுப்போடு பாடகர் படம் போட்ட சின்ன அட்டை வரும். ‘ஃபோட்டோகார்டு’ என்பார்கள். எந்தப் படம் வரும் என்று பிரிக்கும் வரை தெரியாது. தனியாக வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் கையைக் கடிக்கும். அதனால் பத்து இருபது பேர் சேர்ந்து ‘குரூப் ஆர்டர்’ போடுவார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற மூத்த ரசிகை ஒருத்தி பணம் வசூலித்து, மொத்தமாகத் தருவித்து, பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக் காட்டி, கூரியரில் பிரித்து அனுப்புவாள். முகம் பார்க்காதவளிடம் பணம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏமாற்றியவர்களும் உண்டு. ஏமாற்றாமல் பைசா சுத்தமாகக் கணக்குக் கொடுத்தவளை, அந்த இருபது பேரும் ‘அக்கா’ என்றே அழைப்பார்கள். வயது வரிசை அங்கே முக்கியம். சேர்ந்ததும் கேட்பது பிறந்த வருடத்தை. 2005இல் பிறந்தவர்கள் ‘05 லைன்’. யார் யாருக்கு அக்கா என்று அப்போதே முடிவாகிவிடும்.

இந்தக் கூட்டுவேலை சாமானோடு நிற்பதும் இல்லை. 2020 ஜூனில் அமெரிக்காவின் கறுப்பின உரிமை இயக்கத்துக்கு பி.டி.எஸ். 10 லட்சம் டாலர் கொடுத்தது. செய்தி வெளியானதும், ‘ஒன் இன் ஆன் ஆர்மி’ என்ற ரசிகர்களின் தன்னார்வக் குழு வழியாக உலகெங்கும் இருந்த ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் அதே அளவு தொகையைத் திரட்டினார்கள். அன்னதானமும் ரத்ததானமும் செய்கிற நம் ஊர் மன்றங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இப்போது நட்புக்கு வருவோம். பாட்டு பிடிக்கிறது என்பதாலேயே இரண்டு பேர் சிநேகிதர்களாகிவிட முடியாது. நட்புக்கு மூலதனம் நேரம். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் இதைக் கணக்குப் போட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். இதில் ஒரு நுணுக்கம்: வேலை இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அவ்வளவு எடை இல்லை. கட்டாயம் இல்லாமல், தாமாக விரும்பிச் சேர்ந்திருக்கும் நேரம்தான் நெருக்கத்தைத் தருகிறது.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். தையல் பிரிவில் பக்கத்து மெஷினில் நாளெல்லாம் இருந்தவளைவிட, கம்பெனி பஸ்ஸில் தினம் இடம் பிடித்து வைத்தவள்தான் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து நிற்பாள். ரசிகர் குழு தருவது அந்த பஸ் நேரத்தைத்தான். பேச ஒரு காரணம், செய்ய ஒரு வேலை, காத்திருக்க ஒரு தேதி. 200 மணி நேரம் தானாக நிரம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு பேச்சில் பாட்டு குறைந்து, பரீட்சை, அப்பாவின் உடம்பு, அக்காவின் கல்யாணம் எல்லாம் வர ஆரம்பிக்கும். பாட்டைச் சாக்காக வைத்து ஒரு சிநேகிதம் உண்டாகிவிட்டது என்று அர்த்தம்.

இதில் நம் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரசிகர் மன்றம் புதிதல்ல. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது ஊர் ஊராக ஆள் கொடுத்தவை அவருடைய மன்றங்கள். 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி அறிவித்தபோதும் கை கொடுத்தது அவருடைய ரசிகர் அமைப்புதான். ஆனால் மன்றம் என்றால் என்ன? தெருமுனையில் பலகை, டீக்கடை பெஞ்சு, ராத்திரியில் போஸ்டர் ஒட்டுவது, முதல் காட்சிக்கு முன் பாலாபிஷேகம். மதுரையில் தங்கி ஆராய்ந்து 1993இல் நூல் எழுதிய மானிடவியலாளர் சாரா டிக்கி பார்த்த மன்றங்களும் பெரும்பாலும் இளைஞர்களுடையவை. படத்தைப் பார்த்து அழுதவர்களில் பெண்களும் உண்டு. பெஞ்சில் அவர்களுக்கு இடம் இல்லை. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தில் அவர்கள் பெயர் ஊரோடு ஒலித்தது உண்டு. ஆனால் ஒரே பாட்டைக் கேட்ட இரண்டு நேயர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வழி இருக்கவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீடுகளில் தமிழும் உருதும் பேசுகிறார்கள். பள்ளி, டியூஷன், கம்பெனி, வீடு: பல பெண்களுக்கு வெளியே போகிற வழி அவ்வளவுதான். சாயங்காலம் சும்மா நின்று பேச ஒரு முனை அவர்களுக்குக் கிடையாது. ரசிகர் குழு அவர்களுக்குக் கிடைத்த டீக்கடை பெஞ்சு. அங்கே உருது பேசுகிற பெண்ணும் தமிழ் பேசுகிற பெண்ணும், சாதியும் தெருவும் கேட்காமல், பிறந்த வருடத்தை மட்டும் கேட்டுச் சிநேகிதிகளாகிறார்கள். தவிர, தூரத்து ஆளோடு நெருக்கம் இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? நேரில் பார்க்கவே போகாத ஐரோப்பியக் காலுக்கு 38, 39 என்று அளவு பிசகாமல் ஷூ தைத்து அனுப்புகிற ஊர் இது.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. பெண் பெயரில் பேசுகிறவர் பெண்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. “உன் போட்டோ அனுப்பு” என்று ஆரம்பித்து மிரட்டலில் முடிகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் நுழைகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பாடகர் ரசிகைகளும் அந்தப் பாடகர் ரசிகைகளும் ராப்பகலாக வசைபாடிக்கொள்வதும் உண்டு. தூக்கம் கெடும், படிப்பு கெடும். இதையெல்லாம் மறைத்து நட்பை மட்டும் புகழ்ந்தால் அது விளம்பரம்.

ஆனால் அந்த மூன்று பிள்ளைகள் விஷயத்தில் கெடுத்தது எது என்று கவனியுங்கள். மூவரும் ஒரே பள்ளித் தோழிகள், ஒரே வயது. அவர்கள் பார்க்கக் கிளம்பிய பாடகர்களோ அப்போது மேடையிலேயே இல்லை. கொரியாவில் ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். குழுவில் ஒருவரான ஜின் 2022 டிசம்பரில் முதலில் போனார். 2023 டிசம்பர் 12ஆம் தேதியோடு எழுவருமே சேவையில் சேர்ந்துவிட்டார்கள். சிறுமிகள் கிளம்பிய 2024 ஜனவரியில் நேரில் பார்க்க சியோலில் மேடையும் இல்லை, கச்சேரியும் இல்லை. ரசிகர் குழுக்களில் இது தெரியாதவர் இருக்க முடியாது. பாடகர் ஒவ்வொருவரும் திரும்பும் நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு குழுவில் இருபத்தைந்து வயது அக்கா ஒருத்தியிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லியிருந்தால், “பாஸ்போர்ட் இருக்கிறதா? விசாகப்பட்டினத்தில் ஏறினால் கொரியாவில் இறங்க பஸ்ஸா அது? முதலில் அவர்கள் ராணுவத்தில் இருக்கிறார்கள், போய்ப் படி” என்று ஒரே நிமிடத்தில் முடித்திருப்பாள். எனக்குத் தோன்றுவது இது: அந்த மூவரிடம் குறைந்தது கட்டுப்பாடு மட்டும் இல்லை. விவரம் தெரிந்த மூத்த சிநேகிதமும் குறைந்தது. பாடகர் மீது ஆசை மட்டும் இருந்து, உடன் நிற்கிற கூட்டம் இல்லாதபோதுதான் பிள்ளை ரயில் ஏறுகிறது.

அதனால் போனைப் பிடுங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. “அந்தக் கொரியாக்காரன் யார்?” என்று கேட்காதீர்கள், “உன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அக்கா யார்?” என்று கேளுங்கள். பள்ளிச் சிநேகிதியின் வீடு எங்கே, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரிக்கிறீர்களே, அதே விசாரணைதான். ஒரு தடவை வீடியோவில் பேசச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நின்று “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். குரூப் ஆர்டருக்குப் பணம் போகிறதென்றால் உங்களுக்குத் தெரிந்து போகட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை நேரில் சந்திக்கப் போனால், பகலில், பொது இடத்தில், வீட்டு ஆள் ஒருவர் துணையோடு போகட்டும். பணம் ஏமாந்தால் 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டு உடனே புகார் சொல்லலாம். பிள்ளைக்கு மிரட்டலோ ஆபத்தோ என்றால் 1098. இரண்டு எண்களையும் பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.

பாடகர்கள் எழுவரும் 2025 ஜூனோடு சேவை முடித்துத் திரும்பிவிட்டார்கள். இன்னும் சில வருடத்தில் உங்கள் மகளுக்கு வேறு பாட்டு பிடிக்கலாம். ஆனால் அவளுக்காகக் கணக்குப் பார்த்துக் கொடுத்த அக்காவும், பரீட்சைக்கு முந்தைய ராத்திரி தைரியம் சொன்ன தோழியும் வாழ்நாளெல்லாம் கூட வரக்கூடியவர்கள். அவர்கள் பெயரையாவது நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.