ரத்தம் சொல்லும், சட்டம் கேட்குமா?

ஆர்.கே.புரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஸார், ஊர்ல பாகப்பிரிவினைத் தகராறு. எங்க சித்தப்பா பையன் அவருக்குப் பிறந்தவனே இல்லைன்னு பெரியவங்க சொல்றாங்க. டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துட்டா கேஸ் முடிஞ்சுடும் இல்லையா?"

"டெஸ்ட் சுலபம், கேஸ்தான் சுலபமில்லை" என்றேன். அதை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் மரபணுவில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. ஒரு சொட்டு ரத்தமோ, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்ததோ சோதனைக்குப் போதும். பிள்ளையிடம் உள்ள, தாயிடமிருந்து வராத அடையாளங்கள் தந்தையிடம் இருந்தாக வேண்டும். 1984ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் இந்த முறையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே அது ஒரு குடியேற்ற வழக்கில் உதவியது. கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன், பிரிட்டனில் இருந்த தாயின் பிள்ளைதான் என்று அது நிரூபித்தது.

நம் டெல்லியில் பெரிதாகப் பேசப்பட்டது என்.டி.திவாரி வழக்கு. அவர்தான் தம் தந்தை என்று ரோஹித் சேகர் 2008ல் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றார். திவாரி மாதிரி கொடுக்க மறுத்துக்கொண்டே இருந்தார். உச்சநீதிமன்றம் வரை போய், 2012 மே மாதம் டேராடூனில் அவர் வீட்டிலேயே ரத்தம் எடுத்தார்கள். ஹைதராபாத் ஆய்வகத்தின் முடிவை ஜூலை 27 அன்று நீதிமன்றத்தில் பிரித்தபோது, ரோஹித் சொன்னதே உண்மையாயிற்று.

ஆனால் எல்லோருக்கும் இப்படிக் கதவு திறப்பதில்லை. கணவன் மனைவியாக வாழும்போது பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளையே என்பது சட்டத்தின் நிலை. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அது மாறும். 1872ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 112ம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 116ம் பிரிவாக இருக்கிறது. கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவிடக் கூடாதென்று உச்சநீதிமன்றம் 1993லேயே சொன்னது. மனைவியின் நடத்தையை நிரூபிக்கப் பிள்ளையின் ரத்தத்தைக் கேட்கக் கூடாதென்று 2023ல் சொன்னது. 2025ல் ஒரு கேரள வழக்கில், கேட்டது பிள்ளையே ஆனாலும் மறுத்துவிட்டது. தனியார் ஆய்வகத்தில் நாமே கொடுத்து வாங்கும் ரிப்போர்ட்டும் நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாது. அது யாருடைய மாதிரி என்பதற்குச் சாட்சி வேண்டுமே!

செல்லப்பிராணிகள் விஷயத்தில் இத்தனை சங்கடம் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் ஒரு லாப்ரடார் நாய்க்கு இருவர் உரிமை கொண்டாட, போலீஸார் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார்கள். ஆண், பெண் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கிளிகளுக்கும் இது பயன்படுகிறது. ஆனால் இனம் பார்க்கும் சோதனை, கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டே சொல்லும். பட்டியலில் நம் சிப்பிப்பாறையோ கன்னியோ இல்லாவிட்டால், வேறு ஏதாவது பெயர்தான் வரும்.

நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "சித்தப்பா உயிரோட இருந்தவரைக்கும் அந்தப் பையனை என்னன்னு சொன்னார்?"

"என் பிள்ளைன்னுதான் சொன்னார். கொள்ளி வச்சதும் அவன்தான்."

"அப்போ இந்தக் கேள்வி யாருக்கு வேணும்? அவனுக்கா, உங்க நிலத்துக்கா?"

பதில் சொல்லாமல் பந்திக்குப் போய்விட்டார். இன்னும் வக்கீலைப் பார்க்கவில்லை என்று கேள்வி.